கிருமிக்குக் குடை பிடித்தவர்

பேராக் மாநிலத்தில் புலிக்குப் பயந்தவர்கள் உண்டு, தோட்டத்துத் துரைக்குப் பயந்தவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயந்து சயாம் எல்லை வரை ஓடியவர்கூட ஒருவர் உண்டு. ஆனால் கிருமிக்கு மரியாதை கொடுத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். கிருமி இருக்கிற வாளியை அவர் தாண்டிப் போகமாட்டார். அதன் முன்னால் கெட்ட வார்த்தை பேசமாட்டார். உச்சி வெயிலில் மொட்டைத் தலையோடு நடந்து வருவார். கையில் விரித்த குடை இருக்கும். அது வாளிக்கு.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாளக் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. ஆட்களை நிறுத்தி வேலை வாங்கும் மண்டோர் உத்தியோகம் என்பதால் ஊருக்கு அவர் கிருமி மண்டோர். முன்னால் போய்க் கூப்பிட்டாலும் பின்னால் போய்ப் பேசினாலும் அதே பெயர்தான். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

இந்தக் கிறுக்கை அவருக்குப் பிடிக்க வைத்த புண்ணியவான் யார் என்று கேட்பீர்கள். நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பின்னால் வரப்போகிற அவமானங்களுக்கு வாசகர்களும் என்னோடு தயாராக இருக்கலாம்.

எழுபதுகளின் நடுவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. அதாவது ஆபீசில் பெரிய கிராணிக்கு அடுத்த நாற்காலி. ஐந்தாம் பாரம் வரை படித்தவன், அதிலும் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டவன். ஆனாலும் அந்த ஆபீஸ் படிக்கட்டில் நின்று தமிழ் ஆட்களுக்கு இங்கிலீஷை விளக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் உயரம் கூடிவிடும்.

பழைய மரங்களை வெட்டி மறு நடவு செய்த வருடம் அது. இளம் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே லாலாங் புல் ஏறாமல் இருக்க, அவரை போலப் படர்கிற ஒரு கொடியைத் தோட்டம் முழுக்க விதைப்பார்கள். விதையோடு சேர்த்துத் தூவ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கறுப்புப் பொடிப் பொட்டலங்கள் வந்தன. கூடவே ஒரு தாள். துரை அதை என் கையில் கொடுத்து, மண்டோருக்குப் புரிய வைக்கும்படி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்தத் தாளில் பாதி வார்த்தைகள் எனக்கே புரியவில்லை. புரியாத இடங்களையெல்லாம் நான் குரலை உயர்த்தி நிரப்பிக்கொண்டேன். இந்தப் பொட்டலத்துக்குள் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது, வெயில் பட்டால் செத்துவிடும், கஞ்சித் தண்ணீரில் குழைத்து விதைமேல் பூசினால் அவை கொடியின் வேரில் குடியேறி, காற்றிலிருந்து உரம் எடுத்துக் கொடுக்கும் என்றேன். மண்டோர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எத்தனை கோடி இருக்கும் கிராணியாரே?"

"மலேசியா ஜனத்தொகையை விட ஜாஸ்தி."

அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். 

"காலையில எதாச்சும் சாப்புட்டாங்களா?"

நான் சிரித்திருக்க வேண்டும். அங்கே சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கிராணி சிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "கஞ்சிதான் குடுக்கணும். உப்பு போடக்கூடாது" என்றேன். ஒரு மதம் இப்படித்தான் தொடங்கியது. அதை ஸ்தாபித்தவன் நான். அதைவிட்டு முதலில் ஓடியவனும் நான்.

அன்றிலிருந்து மண்டோர் வீட்டில் முதல் கஞ்சி கிருமிக்கு, மிச்சம்தான் மனிதருக்கு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குளிர்ச்சியான இடம் தண்ணீர்ப் பானைக்கு அடியில்தான் என்று பொட்டலங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார். அவர் மனைவி பாப்பம்மா அக்கா ஒரு நாள் அதை அரப்புப் பொடி என்று நினைத்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டுவிட்டார். மண்டோர் என்னிடம் ஓடி வந்தது அக்காவின் தலைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்க அல்ல. சீயக்காய் போட்டு அலசினால் அவர்கள் தாங்குவார்களா என்று கேட்க.

குடை வந்தது அதற்குப் பிறகு. விதை வாளியில் வெயில் படக்கூடாது என்று நான் சொன்னதால், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்து மறு நடவுக் காடு வரை வாளிக்குக் குடை பிடித்தார். ஒரு நாள் துரை ஜீப்பை நிறுத்தி, அந்த ஆள் என்ன செய்கிறான் என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். துரை மெதுவாகத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்கா, தலை அரித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்ற மண்டோர்கள் விதைத்த காட்டில் கொடி மஞ்சளாகப் படுத்துக் கிடந்தது. இவர் விதைத்த காட்டில் முழங்கால் அளவுக்குக் கரும்பச்சையாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கொடியைப் பிடுங்கி வேரில் இருந்த சின்னச் சின்ன முடிச்சுகளை எனக்குக் காட்டினார். ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"இதான் அவங்க லயம். வீட்டுல ஆளு இருக்கு, பாருங்க."

கொடி என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தது. தோட்டம்தான் நிலைக்கவில்லை. அதைத் துண்டு போட்டு விற்றார்கள், பாதிக்குமேல் எண்ணெய்ப் பனையான செம்பனைக்குப் போனது. ஆபீஸ் நாற்காலி என்னை இறக்கிவிட்டது. நான் ஈப்போவுக்கு வந்து, விவசாய மருந்து விற்கும் ஒரு கடையில் ஊர் சுற்றி விற்கிற ஆளாகச் சேர்ந்தேன். சின்ன மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு பெட்டி, பெட்டி நிறைய விஷம். பூச்சியைக் கொல்ல ஒன்று, புல்லைக் கொல்ல ஒன்று, மண்ணிலுள்ள கிருமியைக் கொல்ல ஒன்று. ஒரு காலத்தில் அவர்களுக்கு உப்பில்லாத கஞ்சி சிபாரிசு செய்த அதே வாய்தான், "ஒரு தடவை ஊத்துனா போதும் தவுக்கே, மண்ணுல ஒரு உயிர் தங்காது" என்று மெங்லெம்புவிலிருந்து பத்து காஜா வரை சீன முதலாளிகளிடம் கூவிக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் கழித்து ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் மண்டோரைப் பார்த்தேன். பலகை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு போத்தலாக எடுத்து, எதைக் கொல்ல என்று கேட்டுக் கேட்டுத் திரும்ப வைத்தார். கடைசி போத்தலை எடுத்தபோது நான் பேச்சை மாற்றி, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அங்கேதான் அவருடைய உண்மையான தலைவலி இருந்தது.

கிள்ளானில் தொழிற்சாலை வேலையில் இருந்த மகன் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்திருந்தான். அம்மாவும் அப்பாவும் வந்துவிட வேண்டும் என்று கடிதத்துக்குமேல் கடிதம். பாப்பம்மா அக்கா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். மண்டோர் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"தண்ணி வருது, லைட்டு இருக்கு, எல்லாம் இருக்கு கிராணியாரே. ஒரு கைப்பிடி மண்ணு இல்ல. சன்னலத் தொறந்து பாத்தா சிமிந்தி. அங்க போயி நான் என்னா செய்யிறது? மகன் வேலைக்குப் போற வரைக்கும் அவன் மூஞ்சியப் பாக்கணும். போன பிறகு செவுத்தப் பாக்கணும். அவ்வளவுதான்லா."

அவர் அழவில்லை. ஆனால் கையிலிருந்த என் விஷப் போத்தலை ஒரு குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். எதை வைத்திருக்கிறோம் என்பதுகூடத் தெரியாத நிலை.

போகமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லும் துணிச்சல் அவருக்கு இல்லை. ஈப்போவில் ஏதாவது பயிர் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறார். பாப்பம்மா அக்கா விவரமானவர். மரவள்ளி என்றால் குச்சியை ஒடித்துப் போட்டாலே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் யோசித்து ஒரு பந்தயம் வைத்தார். தீபாவளிக்குள் இவர் கையால் விளைந்த உருளைக்கிழங்கில் ஒரு பிரட்டல் செய்து இலையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் ஈப்போ. இல்லாவிட்டால் கிள்ளான், மூன்றாம் மாடி.

உருளைக்கிழங்கு குளிர் மலைப் பயிர். ஈப்போவின் புழுக்கத்தில் அது இலையை விடும், கிழங்கை விடாது. இதையெல்லாம் நான் இன்று எழுதுகிறேன். அன்று அவர், "உருளைக்கெழங்கு இங்க வருமா கிராணியாரே?" என்று கேட்டபோது, வாழ்க்கையில் ஓர் உருளைச் செடியைக்கூடப் பார்த்திராத நான், "ஏன் வராது?" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பழக்கம். அதிலும் என் பழக்கம் மற்றவர் காலை விடுவது.

நிலம் கிடைத்தது ஓர் அதிர்ஷ்டம். ஈயச் சுரங்கத்தை மூடிவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு சீனத் தவுக்கே, சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் ஒரு மூலையைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுரங்கம் கழித்துப் போட்ட வெள்ளை மணல். அதில் லாலாங்கூட யோசித்துத்தான் முளைக்கும். மண்டோருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் மலை நிழல் விழும் என்று முதல் காரணம் சொன்னார். மணலை அள்ளி மோந்து பார்த்துவிட்டு இரண்டாவது காரணம் சொன்னார்.

"இங்க யாருமே இல்ல. நம்ம ஆளுங்கள முதல்ல குடியேத்திட வேண்டியதுதான்."

நம்ம ஆளுங்கள் எங்கே இருக்கிறார்கள்? சிலிம் ரிவரில், பழைய தோட்டத்தில், அவர் விதைத்த கொடிக்கு அடியில். பஸ் ஏறிப் போய், வேரும் மண்ணுமாக இரண்டு சாக்கு நிரப்பிக்கொண்டு வந்தார். சாக்கைக் கூரைமேல் போடச் சொன்ன கண்டக்டரிடம், மேலே வெயில் என்று மறுத்திருக்கிறார். அப்படி என்ன இருக்கிறது உள்ளே என்று கண்டக்டர் மலாயில் கேட்க, இவர், "ஓராங் கெச்சில் லா" என்று பதில் சொல்லியிருக்கிறார். சின்ன மனுஷங்க. தஞ்சோங் மாலிமிலிருந்து வந்த அந்த பஸ்ஸில் ஈப்போ வரை அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அது சாக்குகளுக்கு வசதியாகப் போய்விட்டது.

பசாரில் முளைவிட்டு ஒதுக்கிப் போட்டிருந்த கிழங்குகளைப் பொறுக்கி, கண் கண்ணாக வெட்டி, சாம்பல் தொட்டு நட்டார். கொடி மண்ணைப் பாத்தி முழுக்கக் கலந்திருந்தார். செடி வந்தது பாருங்கள், இடுப்பளவுக்கு. புந்தோங் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேடிக்கை பார்த்தது. பாப்பம்மா அக்காவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. நான் போகிற இடமெல்லாம், என் ஆலோசனையில் உருளைக்கிழங்கு விளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோண்டிய அன்று நாங்கள் மூவரும் குந்தி உட்கார்ந்திருந்தோம். மண்டோர் ஒரு செடியைத் தூக்கினார். அடியில் கோலிக்குண்டு அளவில் மூன்று. சொறி பிடித்த மூன்று. அடுத்த செடியில் இரண்டு. அதற்கடுத்ததில் வேர் மட்டும். பாத்தி முழுக்கத் தோண்டியும் ஒரு கைப்பிடி தேறவில்லை. அதையும் தோல் சீவினால் ஒன்றும் மிஞ்சாது.

"இலையப் பிரட்டல் செய்யலாமா?" என்றார் அக்கா.

மண்டோர் செய்தது தோட்டத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. இருபது வருடம் கொடியை வளர்த்தவருக்கு, இலை கறுத்தால் வெற்றி. கொடி மண்ணில் இருந்ததெல்லாம் இலையை வளர்க்கிற சத்து. உருளைக்கிழங்கு அதைச் சாப்பிட்டுவிட்டு மேலே மேலே போனதே தவிர, கீழே எதையும் சேர்த்து வைக்கவில்லை.  மூன்றாம் நாள் மண்டோர் என் கடை வாசலில் வந்து நின்று, தப்பு அவர்கள் மேல் இல்லை என்றார். ரப்பர் வளரும் கித்தாக் காட்டு ஆட்களைக் கொண்டுவந்து உருளைக்கிழங்கு வேலை கொடுத்தது தன் தப்பு. ஒவ்வொரு பயிருக்கும் அதற்குத் தெரிந்த ஆட்கள் வேண்டும். தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

சுரங்கக் குட்டை ஓரம் ஒரு மூங்கில் புதர். அதன் சருகைக் கிளறினால் வெல்லம் மாதிரி ஒரு மணம் வரும். அங்கே விழுந்த எதுவும் அழுகி நாறுவதில்லை என்பதை மண்டோர் கவனித்திருந்தார். அப்படியென்றால் அங்கே நல்ல குடும்பங்கள் வசிக்கின்றன என்பது அவர் கணக்கு. அவர்களை அழைத்துவர, வீட்டில் வடித்த சோற்றை ஒரு பலகைப் பெட்டியில் பரப்பி, சருகுக்குள் புதைத்து வைத்தார். நாலு நாளில் சோறு முழுக்க வெள்ளைப் பூ பூத்தது. அதில் கருப்பட்டியைப் போட்டுப் பிசைந்து, தவிடு, மக்கிய புல் எல்லாவற்றோடும் கலந்து மறுபடி மூடி வைத்தார். சோறு காணாமல் போவதை அக்கா முதல் நாள் பூனைமேல் போட்டார். இரண்டாம் நாள் என்மேல் போட்டார். ஐந்தாம் நாள் பெட்டியைக் கண்டுபிடித்து, பூசணம் பூத்த சோற்றை என் மூக்குக்கு நேரே நீட்டி, "தம்பி, படிச்சவங்கதானே நீங்க, இதக் கேக்க மாட்டீங்களா?" என்றார்.

நான் கேட்டேன். அதுதான் என் இரண்டாவது குற்றத்தின் தொடக்கம். முதல் பயிர் சொறி பிடித்ததற்கு மண்ணிலுள்ள கெட்ட கிருமிதான் காரணம், என் கடை மருந்தை ஒரு தடவை ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டு நடலாம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரவுடி நாலு பேரு இருக்காங்கன்னு லயத்தையே கொளுத்துவாங்களா கிராணியாரே? நல்ல குடும்பம் நாப்பது வந்து உக்காந்தா ரவுடிக்கு எடம் ஏது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் ஒப்புக்கொள்வது பெரியவர்களின் குணம். பதில் இல்லாவிட்டால் ரகசியமாகக் காரியம் செய்வது என் குணம். அதே வாரம் சொந்தத்தில் ஒரு சாவு என்று மண்டோரும் அக்காவும் பாரிட் புந்தார் போனார்கள். பாத்திகள் தயாராக, அவருடைய மூங்கில் கலவை எல்லாம் போட்டு மூடி, நடவுக்குக் காத்திருந்தன. நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே பலமான மருந்தைக் கரைத்து, பாதி நிலத்துக்கு ஊற்றிவிட்டு வந்தேன். முழுவதற்கும் ஊற்றத்தான் நினைத்தேன். மருந்து பாதியில் தீர்ந்துவிட்டது.

அவருக்கு நல்லது செய்ததாகத்தான் நான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. தோட்டத்தில் படிக்கட்டுமேல் நின்று விளக்கியவன் நான். அந்த மனிதர் இப்போது எனக்கு விளக்குவதை என்னால் தாங்க முடியவில்லை.

மண்டோர் திரும்பி வந்தார். பாத்தியைச் சுற்றி வந்தார். குனிந்து எதையோ பார்த்தார். நடவைத் தொடங்கினார். மறுநாள் நான் போனபோது நிலத்தில் இரண்டு பலகைகள் நட்டிருந்தன. ஒன்றில் 'கிருமி பாகம்'. நான் மருந்து ஊற்றிய பக்கத்தில் 'கிராணி பாகம்'.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மண் வெட்டிக் கொடுத்ததற்கும் தண்ணீர் தூக்கியதற்கும் மனிதர் நன்றி காட்டுகிறார் என்று நினைத்தேன். சரியாக நான் ஊற்றிய பாதியிலேயே எப்படி என் பெயர் வந்தது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. புகழ்ச்சி என்று வந்துவிட்டால் நான் விசாரணை வைப்பதில்லை. ஈப்போவிலிருந்து ஒரு படக்காரரைக் கூட்டிவந்து, பலகை தெரியும்படி இடுப்பில் கை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் எனக்கே என்னை இரண்டு அறை வைக்கலாம் போல இருக்கும்.

அதிலும் முதல் ஒரு மாதம் என் பாகம்தான் உசத்தி. முளை முந்தி வந்தது, செடி நெடுநெடுவென்று வளர்ந்தது, ஒரு பூச்சி இல்லை, ஒரு புல் இல்லை. அவர் பாகம் குட்டையாக, சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பலகையைப் படிப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, மேட்டு நிலத்துத் தண்ணீர் பாத்திக்குள் இறங்கி ஓடியது. நாலாம் நாள் வெயிலில் என் பாகத்தில் ஒரு செடி தலை தொங்கியது. சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாள் மூன்று தொங்கின, நிமிரவில்லை. மண்டோர் ஒரு தண்டை அறுத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினார். வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஒன்று இறங்கியது.

"வந்துட்டான் ரவுடி. ஒரு வீட்டுலயும் ஆளு இல்ல, அதான் நேரா உள்ள பூந்துட்டான்."

பத்து நாளில் என் பாகம் முழுக்கப் படுத்துவிட்டது, பலகை மட்டும் நிமிர்ந்து நின்றது. ஓரத்துச் செடிகள் ஐந்தாறை மண்டோர் வேரோடு பிடுங்கி எரித்தார். அவர் பாகத்துக்குள் அந்த நோய் அதற்குமேல் ஏறவில்லை. அவர் தினமும் கலவைத் தண்ணீர் வாளியோடு, வாளிக்கு மேல் குடையோடு வந்து, ஒவ்வொரு செடிக்கும் ஊற்றினார். நானும் தினமும் போனேன். பாதி நிலத்தைக் கொன்றவன் வேறு எங்கே போவது? மூன்றாம் மாடி வீடும் சிமிந்தி ஜன்னலும் எனக்குத் தூக்கத்தில் வந்தன. முழு நிலத்திலேயே கைப்பிடி தேறாத மனிதருக்கு நான் பாதி நிலத்தை மிச்சம் வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை தோண்டினோம். பாப்பம்மா அக்கா கையில் ஒரு பேசினோடு வந்து நின்றார். முதல் செடியை மண்டோர் தூக்கியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். டொக் டொக் என்று பேசினில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. திரும்பினேன். எலுமிச்சை அளவில் ஏழு. பசாரில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் துடைத்த தட்டைப் போல ஒரு சொறி இல்லை, ஓர் ஓட்டை இல்லை, ஓர் அழுகல் இல்லை. அடுத்த செடியில் ஐந்து. அதற்கடுத்ததில் ஒன்பது. பேசின் நிறைந்தது. அக்கா உள்ளங்கையில் ஒன்றை வைத்து உருட்டிப் பார்த்தார், நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார். குறை சொல்லத் தோதாக ஒன்றும் அகப்படவில்லை.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மருந்து ஊற்றியவன் நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். அழுததாக நினைவு. வேர்வை என்று அன்று சொன்னேன்.

மண்டோர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"தெரியும் கிராணியாரே. பாரிட் புந்தார்லேர்ந்து வந்த அன்னைக்கே தெரியும். மண்புழு பூராவும் மேல வந்து செத்துக் கெடந்துச்சு. சரியாப் பாதியில."

"அப்பறம் எதுக்கு அந்தப் பலகை?"

"கேக்கிறவங்களுக்கு எது யாரு வேலன்னு தெரிய வேணாமா?" என்றார் அக்கா. புந்தோங்குக்கே தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார். தெரியாமல் பக்கத்தில் நின்று படம் எடுத்தவன் நான் ஒருவன்தான்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.  மண்டோர் பேசினில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துப் பாத்தியில் போட்டார், வீணாக்கக்கூடாது என்பது போல.

"கேட்டா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருந்திருப்பீங்க. ஈப்போவுல நான் பேசுறதக் கேக்க வேற யாரு இருக்கா?"

தீபாவளி அன்று என்னை வரச் சொல்லி, முதல் இலை எனக்கே போட்டார்கள். தோலோடு வேக வைத்து, சோம்பும் மிளகாயும் அரைத்துப் போட்ட பிரட்டல். மண்டோர் சாப்பிடவில்லை, மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒன்றை வாயில் போட்டு மென்றார். இன்னொன்றைப் போட்டார்.

"சைஸப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தமும், அதிலிருந்து சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கும் சத்தமும் கேட்டன. மகனுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பழைய கிராணி என்பதற்காக இரண்டு பக்கம் எழுதத் தயாரானேன். அக்கா ஒரு வரி போதும் என்று சொல்லிவிட்டார்: உருளைக்கிழங்கு வந்துவிட்டது, நாங்கள் வரவில்லை.

மறுநாள் மண்டோர் என்னை நிலத்துக்கு வரச் சொன்னார். செத்துக் கிடந்த என் பாகத்தில் மறுபடி ஆட்களைக் குடியேற்ற வேண்டும், அதற்கு நானும் கூட இருக்க வேண்டும் என்றார். வாளியில் கலவை. உச்சி வெயில். குடையை என் கையில் கொடுத்தார். அவர் ஒரு கை ஒரு கையாக அள்ளிப் போட்டுக்கொண்டு நகர, நான் வாளிக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தேன். ஒரு பொட்டு நிழல் என்மேல் விழவில்லை. கடைசிப் பாத்தி வரை அப்படியே பிடித்துக்கொண்டு போனேன். அந்த வாரமே மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டேன். எனக்கும் சோற்றுக்கு வேறு வழி கிடைத்தது.

'கிராணி பாகம்' பலகையை மட்டும் அவர் பிடுங்கவே இல்லை. அடுத்த வருடம் அதன் அடியில் செடி பச்சையாக நின்றபோது, அது யாருடையது என்று புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள். "நம்ம கிராணியாரோடது" என்று மண்டோர் சொன்னார். அதில் கேலி கொஞ்சமும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் அவர் போய்விட்டார். பாப்பம்மா அக்கா அந்தப் பலகையையும் குடையையும் என்னிடம் கொடுத்தார். பலகை என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு இப்போதெல்லாம் பசாருக்குப் போகிறேன். தலைக்கு நேராகத்தான் பிடிக்கிறேன், ஆனால் நடக்க நடக்க கை தானாகப் பக்கத்தில் சாய்ந்துவிடுகிறது. அங்கே வாளி இல்லை, அவரும் இல்லை.